நெஸ்டரின் கோப்பை: கிரேக்க எழுத்து கவிதைக்காகப் பிறந்ததா?

கிரேக்க நெடுங்கணக்கு எதற்காக உருவானது என்ற கேள்விக்கு, 1991இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தம் நூலில் பேரி பவல் தயக்கமே இல்லாத ஒரு விடை தந்தார். ஹோமர் பாடியதை எழுதிவைப்பதற்காக, கி.மு. 800ஐ ஒட்டி, பெரும்பாலும் யூபியாத் தீவைச் சேர்ந்த ஒரே ஒருவர் ஃபினீசிய எழுத்தை எடுத்து அதில் உயிரெழுத்துகளைப் புகுத்தினார் என்பது அவர் முடிவு. அந்த ஒருவரின் பெயர் பலமீடிஸாக இருந்திருக்கலாம் என்றுகூட, எழுத்தைக் கண்டவன் பலமீடிஸ் என்னும் பழங்கதையைத் துணைகொண்டு, ஊகிக்கிறார். வேட்-கெரி 1952இல் சுருக்கமாகச் சொல்லிப்போன ஒரு கருத்தைப் பவல் முழு நூலாக விரித்தார். அந்த நூலின் கவர்ச்சி இன்னும் குறையவில்லை. கணக்கெழுதவும் வரி வாங்கவும் பிறந்த மற்ற எழுத்துகளுக்கு நடுவே கவிதைக்காகப் பிறந்த ஓர் எழுத்து என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்த முடிவுக்குப் பவல் அதிகம் நம்பும் சான்று, இத்தாலியின் இஸ்கியாத் தீவில் கிடைத்த நெஸ்டர் கோப்பை, அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உடன்பாடு. எல்லாக் கிரேக்க வட்டார எழுத்துகளும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதைப் பவல் உறுதியாக நிறுவுகிறார். கிர்க்கோஃப் 19ஆம் நூற்றாண்டில் நீலம், சிவப்பு, பச்சை என வண்ணமிட்டுப் பிரித்த வட்டார வேறுபாடுகளும், 1961இல் ஜெஃப்ரி தொகுத்த உள்ளூர் வடிவங்களும் எவ்வளவு விரிந்தாலும், அலெஃப், ஹே, யோத், அயின், வாவ் ஆகிய அதே ஐந்து குறிகள்தான் எல்லா இடத்திலும் உயிர்களாகின்றன. இருவர் தனித்தனியே உட்கார்ந்து யோசித்து அதே ஐந்தைத் தேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே தழுவல் ஓர் இடத்தில், ஒரு சிறு குழுவுக்குள் நடந்தது. அது ஒரே மனிதரா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்ல எந்தக் கீறலாலும் முடியாது.

இதன் பிறகு பவல் வைக்கும் மூன்று படிகள் வழுக்குகின்றன. ஒன்று, உயிரெழுத்து யாப்பை எழுதத்தான் தேவை. கணக்குக்கும் பெயருக்கும் மெய் மட்டும் போதும் என்பது. இரண்டு, நமக்குக் கிடைத்த மிகப் பழைய நீண்ட பொறிப்புகள் செய்யுளாக இருக்கின்றன என்பது. மூன்று, அக்காலத்து வணிகக் கணக்கோ அரசாணையோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்பது.

மூன்றாவதை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. பானை ஓடு நிலைக்கும், தோலும் பப்பைரஸும் மட்கும். அயோனியர் பப்பைரஸ் சுருளையும் 'தோல்' என்றே அழைத்ததாகவும், பப்பைரஸ் அரிதாயிருந்த காலத்தில் ஆட்டுத்தோலில் எழுதிய பழக்கமே அதற்குக் காரணம் என்றும் ஹெரோடோட்டஸ் தம் ஐந்தாம் நூலில் சொல்கிறார். எகிப்தியத் தூதன் வெனாமூனின் கதையில், ஃபினீசியத் துறைமுகமான பிப்லோஸின் அரசன் தன் முன்னோரின் நாட்குறிப்புச் சுருள்களைக் கொண்டுவரச் சொல்லி வாசிக்க வைக்கிறான். எகிப்திலிருந்து அவனுக்கு வரும் பொருள்களில் 500 பப்பைரஸ் சுருள்களும் உண்டு. கதையில் கற்பனை எவ்வளவு கலந்திருந்தாலும், அந்தத் துறைமுகத்தில் சுருள்கள் புழங்கின என்பதை மறுக்க முடியாது. அவற்றில் ஒரு துண்டுகூட எஞ்சவில்லை. அதற்காக ஃபினீசியர் கணக்கெழுதவில்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. அந்தச் சலுகையைக் கிரேக்கருக்கு மட்டும் மறுப்பது ஏன்?

உயிரெழுத்து பற்றிய வாதம் இதைவிட வலுவானது. அதனால் அதற்கு உரிய இடம் கொடுக்க வேண்டும். ஃபினீசியத்தை வாசிக்க அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். கிரேக்க எழுத்தையோ மொழி தெரியாதவரும் எழுத்துக்கூட்டி ஒலித்துவிடலாம். இப்படியோர் ஒலிப்பதிவு, நெடில் குறில் கணக்கில் நடக்கும் ஹெக்ஸாமீட்டர் யாப்புக்குத்தான் தேவைப்பட்டிருக்கும் என்கிறார் பவல். ஆனால் அவர் குறிப்பிடும் நெடில் குறில் வேறுபாட்டைத்தான் முதல் கிரேக்க எழுத்து காட்டவே இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் பழைய யூபிய எழுத்தில் ஒரே குறிதான். ஓமேகா பின்னால் அயோனியாவில் வந்து சேர்ந்தது. யாப்பைப் பதிவதற்காகவே ஒருவர் எழுத்தை உருவாக்கினார் என்றால், யாப்பின் உயிர்நாடியான அளவை விட்டுவிட்டா உருவாக்குவார்?

உயிரைக் குறிக்கும் எண்ணமும் கிரேக்கர் வானத்திலிருந்து பெற்றதன்று. 1979இல் சிரியாவின் டெல் ஃபெக்கெரியேயில் கிடைத்த, கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிலை ஒன்றில் அசீரியமும் அரமேயமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் அரமேயப் பகுதியில் ஹே, வாவ், யோத் ஆகிய மெய்க்குறிகள் சொல்லின் இறுதியிலும் சில இடங்களில் இடையிலும் நெட்டுயிரைக் காட்டுகின்றன. கிரேக்கர் செய்தது, அண்டை வீட்டார் அரைகுறையாகச் செய்ததை முழுமையாக்கியதே. சைப்ரஸிலோ உயிரையும் மெய்யையும் சேர்த்தே எழுதும் அசையெழுத்து நெடுங்காலமாக இருந்தது. பலைபாஃபோஸ் அருகே ஸ்காலெஸ் கல்லறை ஒன்றில் எடுத்த வெண்கல இறைச்சிக் கம்பியில் ஐந்து அசைக்குறிகள்: ஓ-பெ-லெ-த-உ. ஓஃபெல்தாஸ் என்ற கிரேக்கனுடையது என்று பொருள். காலம் கி.மு. 11 அல்லது 10ஆம் நூற்றாண்டு. நூறாண்டு முன்பின் சொல்வோர் உண்டு. ஐந்து குறியிலும் உயிர் உண்டு. யாப்போ ஹோமரோ இல்லை. ஒருவன் தன் கம்பி தன்னுடையது என்று சொல்கிறான், அவ்வளவுதான்.

ஃபிரிஜியா இன்னும் சிக்கலானது. அனத்தோலியாவின் நடுவே கோர்டியோனில், மிடாஸ் மேடு என்று வழங்கும் பெரும் ஈமக்குன்றை 1957இல் ராட்னி யங் திறந்தார். உள்ளேயிருந்த வெண்கலக் கிண்ணங்களில் ஒட்டிய தேன்மெழுகுப் பட்டைகளில் ஃபிரிஜியப் பெயர்கள் கீறப்பட்டிருந்தன. கல்லறை அறையின் உத்திரம் ஒன்றிலும் பெயர்கள் இருப்பது 2007இல் தெரியவந்தது. மரவளையக் கணக்கின்படி அந்த மரங்கள் வெட்டப்பட்டது கி.மு. 740ஐ ஒட்டி. அந்த எழுத்தில் அதே உயிர்கள் முழுமையாக உள்ளன. மேலும், கோர்டியோன் கோட்டை எரிந்தழிந்த காலம் கி.மு. 700ஐ ஒட்டியது என்று முன்பு கருதப்பட்டது. 2003இல் வெளியான ஆய்வு அதைக் கி.மு. 800க்குத் தள்ளியது. அதனோடு மேலடுக்குகளும் அவற்றிலிருந்த கீறல் ஓடுகளும் பின்னோக்கி நகர்ந்தன. பவலின் தனி மனிதர் 800இல் யூபியாவில் உட்கார்ந்து எழுத்தைச் செய்தார் என்றால், அது கடல் தாண்டி மலை தாண்டி ஹோமரைக் கேட்டிராத மக்களிடம் போய் வேரூன்றக் கிடைக்கும் கால இடைவெளி நெருக்கடியாகிவிடுகிறது. இயலாதது என்று சொல்ல மாட்டேன். ஃபிரிஜியர் கிரேக்கரிடம் பெற்றார்களா, இருவரும் மூன்றாம் இடத்தில் பெற்றார்களா என்பதே இன்னும் தீராத வழக்கு.

இனி கோப்பை. ஸ்ட்ராபோ, எரெத்ரியரும் கல்கிதியரும் குடியேறியதாகச் சொல்லும் பித்தேகூசாய்தான் இன்றைய இஸ்கியா. அங்கே சான் மோன்தானோ பள்ளத்தாக்கின் இடுகாட்டை 1952 முதல் ஜோர்ஜோ புக்னர் அகழ்ந்தார். 1954இல் 168ஆம் எண் கல்லறையில், எரிந்த எலும்புகளுக்கும் மது கலக்கும் பெருஞ்சாடிகளின் உடைசலுக்கும் இடையே, துண்டுதுண்டாகக் கிடைத்தது இரு கைப்பிடி கொண்ட ஒரு குவளை. உயரம் சுமார் 10 செ.மீ., அகலம் 15 செ.மீ. கிழக்குக் கிரேக்கத்தில் வனைந்தது. சுட்ட பிறகு யாரோ யூபிய எழுத்தில் மூன்று வரி கீறியிருக்கிறார்கள். புக்னரும் ருஸ்ஸோவும் 1955இல் வெளியிட்டார்கள். கல்லறையின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதி. கீறியது எப்போது, எங்கே என்பது கல்லறையின் காலத்திலிருந்து நேராக வராது. கோப்பை ஒரு தலைமுறை புழங்கிய பிறகும் நெருப்புக்குப் போயிருக்கலாம்.

முதல் வரி, நெஸ்டரின் குடிக்க இனிய கோப்பை என்பதைப் பற்றியது. உரைநடையா, தளர்ந்த அயம்பிக் யாப்பா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. மற்ற இரண்டும் பிழையற்ற ஹெக்ஸாமீட்டர். இந்தக் கோப்பையில் குடிப்பவர் எவரோ அவரை அஃப்ரோடைட்டியின் வேட்கை உடனே பற்றிக்கொள்ளும் என்பது அவற்றின் சாரம். வலமிருந்து இடமாக, ஒவ்வொரு செய்யுளடியும் தனி வரியாக, இடையில் இரட்டைப் புள்ளியிட்டுச் சொற்களைப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறது. இலியட்டின் 11ஆம் பாடலில் வரும் நெஸ்டரின் கிண்ணமோ நான்கு கைப்பிடியும் பொற்புறாக்களும் கொண்டது. நிறைந்திருக்கும்போது மற்றவர் மேசையிலிருந்து தூக்கத் திணறுவார்கள். கிழவர் மட்டும் எளிதாகத் தூக்குவார். ஒரு கையில் அடங்கும் மண்குவளைக்கு அந்தப் பெயர் சூட்டியது கேலி என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். (ஷ்லீமன் 1876இல் மைசீனியில் எடுத்த ஒரு பொற்கிண்ணத்துக்கும் 'நெஸ்டரின் கோப்பை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் இலியட்டுக்கும் உள்ள உறவு ஷ்லீமனின் உற்சாகம் மட்டுமே.)

பவலுக்கு இந்தக் கோப்பை கிட்டத்தட்ட வாக்குமூலம். எழுத்து தோன்றிச் சில பத்தாண்டுகளிலேயே, கிரேக்க உலகின் மேற்கு விளிம்பில், ஒருவர் இலியட்டைச் சுட்டிச் செய்யுள் எழுதுகிறார். அதையும் நூல் படியெடுத்துப் பழகிய கைபோல அடி அடியாக எழுதுகிறார். ஆகவே ஹோமர் அப்போதே எழுத்தில் இருந்தார். எழுத்து அதற்காகவே இருந்தது. வாதம் இப்படிப் போகிறது.

இதில் இரண்டு இடத்தில் நான் நிற்கிறேன். கேலி புரிவதற்கு விருந்தில் இருந்தவர்களுக்கு நெஸ்டரின் கிண்ணக் கதை தெரிந்திருந்தால் போதும். அதைப் பாடகர் வாய்வழி கேட்டிருக்கலாம். நம் இலியட்டாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நெஸ்டரைப் பாடிய வேறு பாடல்கள் இருந்திருக்கலாம். அடி பிரிப்பும் அப்படியே. செய்யுளை அடி அடியாகக் காதில் வாங்கிய ஒருவர் அடி அடியாகத்தான் எழுதுவார். அதற்கு முன்னால் ஒரு சுருள் இருந்திருக்க வேண்டியதில்லை. சொல்பிரிக்கும் புள்ளி செமித்திய எழுத்தின் பழைய வழக்கம். அது கவிதை ஏட்டின் அடையாளமன்று.

இரண்டாவது இடமே முக்கியம். இந்த மூன்று வரியும் எந்த அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். முதலில், இந்தப் பாத்திரம் இன்னாருடையது. பிறகு, 'எவனொருவன் இதை...' என்று தொடங்கும் நிபந்தனை. பிறகு, அவனுக்கு நேரப்போவது. கூமேயில் கிடைத்து இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சிறு எண்ணெய்க் குப்பி ஒன்று தான் டட்டாயியே என்பவளுடையது என்றும், தன்னைத் திருடுபவன் குருடாவான் என்றும் மிரட்டுகிறது. மக்கதோனியக் கரையில் மெத்தோனியில் கிடைத்த ஹாகேசாண்ட்ரோஸின் கோப்பையிலும், சிதைந்திருந்தாலும், இதே அமைப்பு தெரிகிறது: உடைமையாளர் பெயர், எடுப்பவனுக்கு வரும் தீங்கு. தமிழ்க் கல்வெட்டு படித்தவருக்கு இது புதிதன்று. தானத்தைச் சொல்லிவிட்டு, இதை அழித்தவன் இன்ன பாவத்தில் போவான் என்று முடிக்கும் ஓம்படைக்கிளவி போன்றதே. நெஸ்டர் கோப்பையும் அப்படித்தான் தொடங்குகிறது. 'இதில் குடிப்பவன் எவனோ, அவனை உடனே...' என்று கேட்பவர் சாபத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது, காதல் வந்து விழுகிறது. நகைச்சுவையின் திருப்பம் அங்கேதான், கிண்ணத்தின் எடையில் இல்லை.

ஒரு வாய்பாட்டைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் அந்த வாய்பாடு முன்பே பழகித் தேய்ந்திருக்க வேண்டும். பாத்திரத்தில் பெயர் எழுதித் திருடனைச் சபிக்கும் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்திருந்தால்தான் விருந்தினர் சிரிப்பார்கள். அப்படியானால் எழுத்தில் முன்னால் வந்தது உடைமைப் பொறிப்பு. அதன் தோளில் ஏறிப் பின்னால் வந்தது செய்யுள். பவல் தம் முதல் சாட்சியாக நிறுத்தும் கோப்பை, தனக்கு முன்னே கவிதையல்லாத எழுத்துவழக்கு ஒன்று இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது.

கிறிஸ்டஃபர் ஃபராவோன் 1996இல் இதை வேடிக்கையாகவே கொள்ளக் கூடாது, உண்மையான காம வசிய மந்திரமாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார். அவர் சொல்வது சரியென்றாலும் என் வாதம் குலையாது. நிபந்தனைச் சாபத்தின் அச்சை மந்திரமும் கடன் வாங்கத்தான் செய்கிறது.

இந்த வாதத்தின் மெலிந்த பகுதி காலவரிசை. டட்டாயியேயின் குப்பி கி.மு. 675க்குப் பிந்தியது. மெத்தோனியில் ஹாகேசாண்ட்ரோஸின் கோப்பை கிடைத்த கிடங்குக் குழியின் பொருள்கள் கி.மு. 700ஐ ஒட்டியவை. இரண்டில் எதுவும் நெஸ்டர் கோப்பைக்கு முந்தியது என்று காட்ட முடியாது. வாய்பாடு பின்னால்தான் சான்றில் தெரிகிறது, அதன் கிண்டலோ முன்னால் தெரிகிறது என்றால், கிண்டலிலிருந்தே வாய்பாடு பிறந்தது என்று ஒருவர் திருப்பிக் கேட்கலாம். கிரேக்கச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டால் இதற்கு முழு விடை கிடையாது.

ஆனால் கிரேக்கச் சான்றை மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? கிரீட்டில் க்னோசோஸ் அருகே டெக்கே இடுகாட்டின் ஜே கல்லறையில் வெண்கலக் கிண்ணம் ஒன்று கிடைத்தது. அதில் ஃபினீசிய எழுத்தில் ஒரே வரி: இன்னாரின் மகன் இன்னாரின் கிண்ணம். தந்தை பெயரின் வாசிப்பில் ஐயம் உண்டு. 'கிண்ணம்' என்ற சொல்லில் ஐயமில்லை. கல்லறையின் மற்றப் பொருள்களை வைத்துக் கி.மு. 900ஐ ஒட்டியது என்கிறார்கள். எழுத்து வடிவை வைத்து அதற்கும் முந்தியது என்பாரும் உளர். எந்தக் கணக்கிலும் இது நெஸ்டர் கோப்பைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குக் குறையாமல் மூத்தது, கிரேக்க மண்ணில் கிடைத்தது, குடிகலத்தில் எழுதப்பட்ட உடைமைப் பொறிப்பு. சாபம் இதில் இல்லை. சாபமோ பிப்லோஸ் அரசன் அஹிராமின் கல்பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியைத் திறப்பவனின் ஆட்சி அழியட்டும் என்ற வகையில். ஆக, எழுத்து எந்தக் கையிலிருந்து வந்ததோ அந்தக் கையிலேயே 'இன்னாரின் கிண்ணம்' என்ற தொடரும் 'இதைத் தொடுபவன் எவனோ' என்ற தொடரும் இருந்தன. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைக் கற்றுக்கொள்பவன் எழுத்தின் ஒலியை மட்டும் கற்பதில்லை. அது எதற்குப் பயன்படுகிறது என்பதையும் கற்கிறான். இஸ்கியாவிலேயே, குழந்தையை இட்டுப் புதைத்த ஒரு மதுச்சாடியில் செமித்திய எழுத்துக் கீறல்கள் உள்ளன. எரெத்ரியாவில் அப்பொல்லோ கோயில் வளாகத்து ஓடுகளிலும் ஒன்று செமித்திய எழுத்தில் இருக்கிறது. ஆசிரியர்கள் வெகுதூரத்தில் இல்லை.

டெக்கேயிலிருந்து பித்தேகூசாய் வரை நடுவில் நூற்றைம்பது ஆண்டு இடைவெளி கிடக்கிறது, உண்மைதான். அந்த இடைவெளியைப் பவல் ஒரு மேதையால் நிரப்புகிறார். நான் பலர் செய்த சாதாரண வேலையால் நிரப்புகிறேன். இரண்டும் ஊகங்களே, ஆனால் என் ஊகத்துக்கு இரு கரையிலும் ஒரே வகைப் பொருள், பெயர் எழுதிய குடிகலம், நிற்கிறது. மெத்தோனியின் கணக்கும் இதே பக்கம் சாய்கிறது. 2012இல் வெளியான தொகுப்பில் குறியிட்ட, பொறித்த மட்கலங்கள் 191. அவற்றுள் எழுத்துள்ளவை 25. பெரும்பாலானவை பெயர்கள் அல்லது பெயரின் சிதறல்கள். செய்யுள் சாயல் ஹாகேசாண்ட்ரோஸ் ஒருவனிடம்தான், அதுவும் உடைமைப் பொறிப்பின் வாலாக. 1871இல் ஏதென்ஸில் கிடைத்த டிப்பிலான் சாடியைப் பவல் தரப்பார் அடுத்ததாக நிறுத்துவார்கள். அதில் முதல் 35 எழுத்தில் ஓர் அழகான ஹெக்ஸாமீட்டர் ஓடுகிறது. ஆடுவோரில் மென்மையாக ஆடுபவருக்கு இந்தச் சாடி என்று பொருள்படும். அதுவும் சாடி யாருடையது என்பதைத்தான் சொல்கிறது.

நெஸ்டர் கோப்பையின் முதல் வரியில் நெஸ்டரின் பெயரை அடுத்து ஓர் ஓட்டை இருக்கிறது. எகரக் குறி ஒன்று, பிறகு உடைந்த இடம், பிறகு இகரக் குறி. 'நான்' என்று கோப்பை பேசுவதாகக் கொண்டு 'எமி' என நிரப்புவது என் வாதத்துக்கு மிக வசதி; உடைமைப் பொறிப்பின் வழக்கமான குரல் அது. மெத்தோனியில் ஃபிலியோன் தன் கலத்தில் எழுதியதும் அந்த 'எமி'தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு நடுவில் ஓர் எழுத்து போதும், ஓட்டையோ இரண்டு மூன்று எழுத்துக்கு இடம் விடுகிறது. அதை 'எயிமி' என நீட்டினால் இடம் நிரம்பும், யூபிய எழுத்து வழக்கு மீறப்படும். 'நெஸ்டருக்கு ஒரு கோப்பை இருந்தது' என்ற பொருளில் நிரப்புவோரும் உண்டு. அப்படியானால் முதல் வரி பழங்கதையைச் சொல்ல, மற்ற இரண்டும் 'ஆனால் இந்தக் கோப்பையோ' என்று எதிர்நிறுத்துகின்றன. இடத்தின் அளவு அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அதை ஒப்புக்கொண்டாலும் இரண்டாம் வரியின் 'குடிப்பவன் எவனோ' சாப வாய்பாடாகவே நிற்கிறது. முதல் வரியை நான் இழந்தாலும் திருப்பத்தை இழப்பதில்லை. ஓட்டையை இப்போதைக்கு ஓட்டையாகவே விட்டுவிடுகிறேன்.

கல்லறைக்குள் இருந்தவர் யார் என்பதும் அண்மையில் மாறிவிட்டது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சிறுவனுக்கு ஏன் காமக் கோப்பை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2021இல் ஜிகான்டேயும் உடன் ஆய்வாளரும் எரிந்த எலும்புகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அவை குறைந்தது மூன்று வளர்ந்தவர்களுடையவை என்றார்கள். விலங்கு எலும்புகளும் கலந்திருந்தன. சிறுவனைச் சுற்றிக் கட்டிய விளக்கங்கள் உதிர்ந்தன. மது அருந்தும் வயதினரின் விருந்துக் கலங்களோடு கோப்பை நெருப்புக்குப் போனது என்பது இப்போது இயல்பான வாசிப்பு.

கடைசியாக, ரோமுக்குக் கிழக்கே கபியியில், ஓஸ்தேரியா தெல்லோசா இடுகாட்டின் 482ஆம் கல்லறை. எரியூட்டப்பட்ட ஒரு பெண்ணின் கல்லறையில் இருந்த உள்ளூர்க் குடுவையில் ஐந்து எழுத்துகள். முழு அகழாய்வறிக்கை 1992இல், பவலின் நூலுக்கு மறு ஆண்டு வெளிவந்தது. வழக்கமான கணக்கில் காலம் கி.மு. 770, கதிரியக்கக் கரிமக் கணக்கை ஏற்பவர்கள் இன்னும் முன்னால் தள்ளுவார்கள். ஒரு பக்கமிருந்து வாசித்தால் 'எவ்லின்', நன்றாக நூற்பவள் என்ற கிரேக்கச் சொல்லின் பகுதி. மறுபக்கமிருந்து வாசித்தால் லத்தீன் என்கிறார்கள். எனக்கு எந்த வாசிப்பிலும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் திசை எதுவானாலும் ஐந்தில் மூன்று உயிர். கிரேக்கரல்லாத ஒரு லத்தீன் ஊரில், ஒரு பெண்ணின் குடுவையில், செய்யுளின் நிழலே இல்லாமல், நமக்குக் கிடைத்த மிகப் பழைய கிரேக்கவகை எழுத்துகளில் ஒன்று இருக்கிறது. ஹோமரை எழுதுவதற்காகச் செய்த கருவி, முப்பது ஆண்டுக்குள் இங்கே வந்து பெயரோ வாழ்த்தோ எழுதும் கருவியாகிவிட்டது என்று பவல் தரப்பு விளக்கலாம். அந்த விளக்கம் தலைகீழாக நிற்கிறது என்பது என் கருத்து. எளிய பயன்தான் எளிதில் பயணம் செய்யும்.

பவலுக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், கபியி அறிக்கையும் கோர்டியோன் காலமாற்றமும் மெத்தோனியும் அவர் நூல் எழுதியபோது கையில் இல்லை. காலம் பற்றிய பழைய சண்டையில் அவர் நின்ற இடமும் நடுநிலையானதே. கார்ப்பென்டர் 1933இல் எழுத்தைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு இழுத்தார். நாவே 1973இல் 1100க்குத் தள்ளினார். இரண்டும் இன்று பொருந்தவில்லை. கபியியும் கோர்டியோனும் சேர்ந்து 9ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைக் காட்டுகின்றன என்பது என் சாய்வு. டெக்கேக் கிண்ணம் ஃபினீசிய எழுத்தில் இருப்பதால், அது 900இல் ஆசிரியர் இருந்ததைத்தான் காட்டுகிறதே தவிர மாணவர் இருந்ததைக் காட்டாது. இடமும் யூபியாதான் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. சைப்ரஸும் கிரீட்டும் போட்டியில் இருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு பவலின் நூலில் மிஞ்சுவது ஒருமூலக் கொள்கை மட்டுமே. ஹோமர் எழுத்தைப் பயன்படுத்திக்கொண்டார், எழுத்து ஹோமருக்காகப் பிறக்கவில்லை. 1952 முதல் 1961 வரை புக்னர் அகழ்ந்த 723 கல்லறைகளின் முழு அறிக்கை, அவரும் ரிட்ஜ்வேயும் சேர்ந்து கொண்டுவர, 1993இல்தான் அச்சேறியது. பவல் தம் நூலை முடித்தபோது அதுவும் அவர் மேசையில் இல்லை. பித்தேகூசாயின் சிறு கீறல்களை, பெயரின் முதல் இரண்டு எழுத்தோடு நின்றுபோனவற்றையும் விடாமல், கோப்பைக்கு அருகில் வைத்து இனி வருவோர் வாசிக்க வேண்டும்.